மாரிக்குக் கால், மேரிக்குக் கொம்பு

செல்லியம்மன் படத்தை நான் கிழிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்தான் கிழித்தேன் என்று முப்பது பேர் முன்னால் என் வாயாலேயே சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. நடந்தது ஒன்று, நான் சொன்னது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நின்றவள் கலைமதி.

என் பேர் மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கம் ஊர். வீட்டுக்காரர் அந்தோணிராஜ், இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் ஆப்பரேட்டர். கல்யாணம் ஆனதும் படப்பையில் ஒற்றை அறை எடுத்துக் குடியிருந்தோம். கம்பெனி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனபின் பகல் முழுக்க சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஆசிரியர் பயிற்சி முடித்த சான்றிதழை எடுத்துக்கொண்டு போய், பக்கத்துத் தெருவில் புருஷோத்தமன் நடத்திய நர்சரிப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன்.

புருஷோத்தமன் உள்ளூர்க்காரர். நெல் விளைந்த இடத்தில் மாடி வீடு எழுப்பி, மேலே கம்பெனிப் பையன்களுக்கு வாடகை அறைகளும் கீழே பள்ளிக்கூடமுமாக வைத்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்த பையன்கள் மேலே தூங்குவார்கள் என்பதால், காலையில் எங்கள் பிள்ளைகள் பாட்டைக்கூட கிசுகிசுவென்றுதான் பாட வேண்டும். சத்தம் போட்டுப் பாட்டுப் பாடாத நர்சரிப் பள்ளி உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும்.

வகுப்பு இரண்டு, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கலைமதி. பாதி நேரம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் கலந்து கிடப்பார்கள். அவர்களுக்கு நானும் 'மிஸ்', அவளும் 'மிஸ்'. பெரியவர்கள் யாராவது "எந்த மிஸ்?" என்று கேட்டால்தான் மாரி மிஸ், கலை மிஸ் என்று பேர் வரும்.

கலைமதி சேரப்பணஞ்சேரிப் பெண். இருபத்திரண்டு வயது. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். இந்த ஊரில் என்னை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்ட முதல் ஆள். எனக்கு முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்தபோது, இவருக்கு லீவு கிடைக்கவில்லை. தாம்பரம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் என் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். என் சேலையை அலசிப் போட்டவளும் அவள்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அவளிடம் அதைச் சொன்னேன். என்னைச் சிரிக்க வைக்க அவள் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டுமே என்று என் கல்யாணக் கதையைச் சொன்னேன். இவர் வீட்டில் கோயிலில் வைத்துத்தான் தாலி கட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் பேர். அதற்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், பதிவேட்டில் ஒரு பேர் வேண்டும். நான் முழித்துக்கொண்டு நிற்க, ஞானஸ்நானத்துக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "எதுக்கும்மா புதுசா ஒரு பேரு? மாரியில பின்னால நிக்க காலை எடுத்துட்டு, முன்னால ஒரு கொம்பை வையி. மேரி. சோலி முடிஞ்சுது."

ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய சிரிப்பாகிவிட்டது. நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தோம். அதன்பிறகு வகுப்பில் 'மா' எழுதிக்காட்டும்போதெல்லாம் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "கால் பத்திரம்க்கா" என்பாள்.

அந்தக் கொம்பு பதிவேட்டோடு சரி. ரேஷன் கார்டு, சான்றிதழ், என் அம்மா வாய் எல்லாவற்றிலும் நான் மாரிசெல்விதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன், ஞாயிற்றுக்கிழமை இவரோடு பூசைக்கும் போவேன். இரண்டு இடத்திலும் நான் கேட்டது ஒன்றைத்தான், ஒரு பிள்ளை.

இரண்டாயிரத்து இரண்டு. தீபாவளி முடிந்த அதே வாரத்தில் ரம்ஜான் நோன்பும் பிறந்துவிட்டது. அப்போதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. என் வகுப்பில் செய்யதலி பாத்திமா என்று ஒரு பிள்ளை. அவள் அத்தா நாகூர் மீரான், கடையநல்லூர்க்காரர், ஒரகடம் பக்கம் வேலை. தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போன யுவராணி, அவர்கள் வீட்டை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் அறிவித்தாள்.

"மிஸ், பாத்திமா வூட்ல சாமியே இல்ல மிஸ். நான் போய் பாத்தேன். வெறும் செவுருதான் கீது."

யுவராணி, செல்லியம்மன் கோயில் தர்மகர்த்தா தாண்டவராயனின் பேத்தி. சாமி விஷயத்தில் அவள் சொன்னால் வகுப்பில் அப்பீல் கிடையாது. மற்ற பிள்ளைகள் சிரித்தன. பாத்திமா, "இருக்கு மிஸ், இருக்கு மிஸ்" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். எங்கே இருக்கிறது என்று கையைக் காட்ட அவளால் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு வயசுப் பிள்ளை மேல் எப்படிக் கோபப்படுவது? யுவராணியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்தேன்.

"உங்கப்பா இப்ப எங்க இருக்காரு?"

"கம்பெனில மிஸ்."

"நீ கம்பெனிக்குள்ள போயிருக்கியா?"

"வாட்ச்மேன் உட மாட்டாரு மிஸ்."

"அப்ப உள்ள அப்பா இருக்காருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். "சாயந்தரம் பஸ்ல வருவாரு. கேன்டீன் பன்னு எடுத்தாருவாரு."

"அதேதான். பாத்திமா வீட்டுச் சாமிய யாரும் பாத்ததில்ல. படமும் எடுக்க முடியாது. ஆனா பன்னு வருதில்ல? அப்ப இருக்காருன்னுதானே அர்த்தம்?"

வகுப்பு முழுக்க பன்னைப் பற்றி யோசித்தது. பாத்திமா அழுகையை நிறுத்திவிட்டாள்.

விட்டார்களா? வாயைக் கொடுத்தால் பிள்ளைகள் விடுவார்களா? அப்படியென்றால் எங்கள் வீட்டில் ஏன் இத்தனை சாமி என்று ஒருத்தன் கேட்டான். "உங்கப்பா கம்பெனில யூனிஃபார்ம், வீட்டுல லுங்கி, கல்யாணத்துல பட்டு வேட்டி. அதுக்காக மூணு அப்பாவா?" என்றேன். ஒரே அப்பா என்று ஒத்துக்கொண்டான். ஜெனிபர் வீட்டுச் சாமி ஏன் சிலுவையில் இருக்கிறார் என்று அடுத்தவள். "அவங்க சாமி மேல உக்காந்து ஆர்டர் மட்டும் போடல. தன் மகனையே நம்மகூட வேல செய்ய அனுப்புனாரு. தச்சு வேல பாத்தாரு. நமக்காக அடியும் பட்டாரு" என்றேன். அதுதான் அவர்களை ரொம்ப அசத்திவிட்டது.

"எம்.டி. மவனே லைன்ல நின்னாரா மிஸ்?"

"நின்னாரு."

"சாமிக்கு எந்த ஷிஃப்ட் மிஸ்?"

"மூணு ஷிஃப்டும்."

"அப்ப எப்ப தூங்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாத்திமா மெல்லச் சொன்னாள். "எங்க சாமி தூங்காது. அத்தா சொன்னாங்க."

என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே நல்ல பாடம் அது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கலைமதியும் தன் பிள்ளைகளை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, இத்த சார்ட்ல போட்டு மாட்டலாம்க்கா, சூப்பரா கீது" என்று சொன்னவளே அவள்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று சார்ட் செய்தோம். 'யுவராணி வீட்டுச் சாமி', 'ஜெனிபர் வீட்டுச் சாமி', 'பாத்திமா வீட்டுச் சாமி'. முதல் இரண்டிலும் பிள்ளைகள் கொண்டுவந்த படங்களை ஒட்டினோம். மூன்றாவதில் தலைப்பு மட்டும் எழுதி, கீழே வெள்ளையாகவே விட்டோம். சுற்றிலும் பாத்திமா பச்சைக் கலரில் ஒரு பார்டர் போட்டாள்.

இந்த வெள்ளைத் தாள்தான் யுவராணியைத் தூங்கவிடவில்லை. கேலி செய்த பிள்ளைக்கே இப்போது பாவமாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து, ஆடித் திருவிழா நோட்டீஸிலிருந்து செல்லியம்மன் படத்தை அழகாக வெட்டிக்கொண்டு வந்து, மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் பெஞ்சில் ஏறி, பாத்திமாவின் வெள்ளைத் தாளுக்கு நடுவில் பசை தடவி ஒட்டிவிட்டாள். தன் சாமியைத் தோழிக்குக் கொடுத்திருக்கிறாள். இதைவிடப் பெரிய மனசு எங்கே இருக்கிறது?

நான் அப்போது பின்பக்கக் குழாயடியில், சட்டையில் வாந்தியெடுத்த ஒரு பிள்ளையைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அலறல் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், கலைமதி கையில் அம்மன் முகம், தாளில் அம்மன் கால். சாயந்தரம் மீரான் வந்து பார்த்தால் வம்பாகிவிடுமே என்று பயந்து அவள் அவசரமாகப் பிய்த்திருக்கிறாள். ஈரப் பசை, கிழிந்துவிட்டது. யுவராணி தரையில் புரண்டு அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் கலைமதி, "காயிதம்தான்டி. சாமியா கிழிஞ்சுது? இது சாமி இல்ல, வெறும் காயிதம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை வீட்டுக்குப் போய் அப்படியே ஒப்பித்துவிட்டது. "மிஸ் செல்லியம்மனைக் கிழிச்சிட்டாங்க. இது சாமி இல்ல, காயிதம்னு சொன்னாங்க." எந்த மிஸ் என்று வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சாமிப் பாடம் எடுத்தது தெக்கத்தி மிஸ். அதனால் கிழித்ததும் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் சாயந்தரம் பெற்றோரெல்லாம் கூடிப் பேசுவதாக முடிவானது. அன்று காலை கலைமதி என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அடுத்த வாரம் எனக்குப் பூ வைக்க நாள் பாத்துகினு கீறாங்க. மாப்பிள்ள யாரு தெரியுமா? தாண்டவராயன் பெரியவரோட சின்னப் பையன். யுவராணிக்கு சித்தப்பா. நான்தான் கிழிச்சேன்னு தெரிஞ்சா எல்லாம் போச்சுக்கா. எங்கப்பா தலை நிமிர முடியாது."

அவள் அழுதாள். நான் அந்த ஸ்டூலை நினைத்தேன், அலசிப் போட்ட சேலையை நினைத்தேன்.

"அழாத. நான்தான் கிழிச்சேன்னு சொல்லிக்கிடுதேன். நான் வெளியூர்க்காரி, ரெண்டு ஏச்சு ஏசுவாங்க, அவ்வளவுதான். நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்."

"சாமி மேல சத்தியமா தொறக்க மாட்டேன்க்கா" என்றாள். எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை.

சாயந்தரம் தடுப்பை எடுத்துவிட்டு ஹாலாக்கியிருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். தாண்டவராயன் நடுவில், பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். நாகூர் மீரான் கடைசியில் சுவரோரம் நின்றார். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே.

"இன்னாம்மா, வேணும்னு செஞ்சியா?" என்று தாண்டவராயன் கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"இல்லங்கய்யா. கை தவறிக் கிழிஞ்சிருச்சு. பிள்ள அழுததால சமாதானத்துக்கு அப்படிச் சொன்னதுங்கய்யா. சாமி இல்லன்னு சொல்லல. தப்புத்தான், மன்னிச்சிருங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "உன் பேரு இன்னா?"

"மாரிசெல்வி."

"ஆத்தா பேர வச்சிகினு ஆத்தா படத்த வேணும்னு கிழிக்க மாட்ட. வெள்ளிக்கெழம கோயிலுக்கு வந்து ஒரு சொம்பு பாலு ஊத்திட்டுப் போ. ஆச்சு, எழுந்துருங்கப்பா."

முடிந்துவிட்டது. உண்மையாகவே முடிந்துவிட்டது. கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் எல்லப்பன் என்று ஒருவர், ஒரு பிள்ளையின் அப்பா, பின்னாலிருந்து வாயைத் திறந்தார். "எதுக்கும் கொயந்தைய ஒரு வார்த்த கேட்டுடுங்க. எந்த மிஸ்ஸுன்னு. நாளைக்கு வேற பேச்சு வரக் கூடாது பாரு."

யுவராணியை அவள் அம்மா உள்ளே கூட்டிவந்தாள். "எந்த மிஸ்ஸும்மா?" என்று தாத்தா கேட்டார். யுவராணி என்னைப் பார்த்தாள், கலைமதியைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

அந்தக் கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிவதற்குள் கலைமதி எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அவங்க பேரு மாரி இல்லீங்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"மேரி. மேரி செல்வி. வூட்டுக்காரர் அந்தோணி. சர்ச் நோட்டுல மேரின்னுதான் எழுதிகீது. மாரிக்கு இருந்த காலை எடுத்துட்டு கொம்பு வச்சிகினேன்னு அவங்களே என்கிட்ட சொல்லி சிரிச்சாங்க."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்கள். கழுத்தறுத்தால்கூட ஒரு தரம்தான் அறுபடும். நான் அழுதுகொண்டு கிடந்த கட்டிலில், என் வலியை மறக்க அவளுக்குக் கொடுத்த சிரிப்பை எடுத்து இந்தக் கூட்டத்துக்கு நடுவில் போட்டுவிட்டாள்.

அதன்பிறகு நடந்ததற்கு வரிசை கிடையாது. அந்தப் புரட்டாசியில்தான் மதமாற்றத் தடைச் சட்டம் வந்திருந்தது, டீக்கடை முழுக்க அதே பேச்சு. "சட்டமே போட்டுகீறாங்க, இன்னும் அடங்கல பாரு" என்றது ஒரு குரல். "அதான் சாமி பாடம் நடத்திகினு கீது" என்றது இன்னொன்று. பன்னும் லுங்கியும் எம்.டி. மகனும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஒவ்வொன்றும் வேறு அர்த்தத்தில் நின்றன. தாண்டவராயன் முகம் இறுகிவிட்டது. "பேர்லயே பொய்யா?" என்று மட்டும் கேட்டார். ஒரு கொம்புக்கும் ஒரு காலுக்கும் நடுவில் என் முழுப் பிழைப்பும் போய்க்கொண்டிருந்தது.

புருஷோத்தமனைத் திரும்பிப் பார்த்தேன். என் விண்ணப்பத்தில் 'கணவர் பெயர் அந்தோணிராஜ்' என்று அவர் கைப்பட எழுதிக்கொண்டவர். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் அறையில் உட்கார்ந்து, ஆட்டுக்கறிக் குழம்பை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மறைச்சிட்டாங்க. நாளையிலேர்ந்து அவங்க வர மாட்டாங்க" என்றார்.

இதற்கு நடுவில், தூக்கிய கையைத் தூக்கியபடியே யுவராணி நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா அந்தக் கையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

நாகூர் மீரான் இரண்டு நாள் கழித்துத் தெருவில் பார்த்து, "பன்னு கதைய பிள்ள இன்னும் சொல்லுதாம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கூட்டத்தில் அவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற நிலைமையில் அவர் இல்லை என்று எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் வலித்தது.

"அவதான் கிழிச்சான்னு அங்கனயே சொல்லிருக்க வேண்டியதுதான? நீ என்ன தியாகியா?" என்று வீட்டில் என் வீட்டுக்காரர் கத்தினார். எப்படிச் சொல்வது? கிழித்தேன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் வாங்கியவள், அடுத்த நிமிடம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் பழியை விரும்பி வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

கலைமதி என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள், வழியை மறித்தேன்.

"நீங்கதானக்கா பழிய ஏத்துக்கிறேன்னு சொன்னீங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பழியத்தான் ஏத்துக்கிடுதேன்னு சொன்னேன். என் பேர எடுத்து நாலு பேரு முன்னால போடுன்னா சொன்னேன்?"

"கொயந்த கைய தூக்கிச்சுக்கா. எனக்கு அப்போ வேற எதுவும் தோணல."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆபத்து என்றதும் அவள் கைக்கு முதலில் அகப்பட்டது நான்தான். அடிப்பேன் என்று நினைத்திருப்பாள் போல, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். நான் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றுவரை தோன்றுகிறது.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. தெருவுக்கெல்லாம் பத்திரிகை வந்தது, எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது.

மாசியில் ஒருநாள் படப்பை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ சேலையை இழுத்தார்கள். குனிந்தால் யுவராணி. அவள் அம்மா நாலு கடை தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை என்னவோ சிரிக்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தாள். இரண்டு காலும் இருந்தன. பிறகு தலையை அண்ணாந்து, என் தலைமுடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா பாக்க?"

"கொம்பு எங்க மிஸ்?"

அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். மிஸ் தன் காலை எடுத்துவிட்டுக் கொம்பு வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக என் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் கொம்பு முளைத்தவள். நடுத்தெருவில் முட்டி போட்டு அவள் முன்னால் தலையைக் குனிந்தேன்.

"தொட்டுப் பாரு."

சின்ன விரல்கள் முடிக்குள் பயந்து பயந்து நுழைந்து, ஒவ்வொரு பக்கமாகத் தேடின.

"இல்ல மிஸ்" என்றாள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு என் காதருகில் வந்து, "கலை சித்திதான மிஸ் கிழிச்சாங்க? மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே நான் வூட்டுக்குப் போய் தாத்தாகிட்ட சொன்னேன். சித்தி ஆவப் போறவங்க, வெளில சொல்லக் கூடாதுன்னாரு" என்றாள்.

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தாண்டவராயனுக்கு அன்றைக்கே தெரியும். பூ வைத்து, பத்திரிகை அடித்து, என் வாசலைத் தாண்டிப் போய்க் கொடுத்தது எல்லாமே தெரிந்த பின்னால்தான். ஒருத்தி என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீடே உட்கார்ந்து பேசிச் செய்திருக்கிறது.

"மிஸ், செல்லியம்மனுக்குத் தெரியுமா?"

"எது?"

"நீங்க கிழிக்கலன்னு."

"தெரியும்."

"அப்ப ஏன் மிஸ் ஆத்தா வந்து சொல்லல?"

சாமியைப் பற்றி அந்தப் பிள்ளைகள் கேட்ட எதற்கும் நான் பதில் இல்லாமல் நின்றதில்லை. பன்னு சொல்லியிருக்கிறேன், லுங்கி சொல்லியிருக்கிறேன், மூன்று ஷிஃப்ட் சொல்லியிருக்கிறேன். இதற்கும் ஏதாவது சொல்லியிருக்கலாம். நாலு வயசுப் பிள்ளை, நம்பிக்கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"உங்க ஆத்தாவுக்கும் சொந்தக்காரங்கதான் முக்கியம்போல" என்றேன்.

யுவராணி முகம் சுருங்கியது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அம்மாவிடம் ஓடிவிட்டாள். பிள்ளையிடம் அவள் சாமியைக் குறைத்துப் பேசினேன் என்றுதானே என்னைத் துரத்தினார்கள்? அந்தக் குற்றத்தை நான் செய்தது அன்றைக்குத்தான்.